ஏழு கையெழுத்தும் ஒரு தேதியும்

அத்தியாயம் 11

காலை ஒன்பதே முக்காலுக்குக் கோர்ட் அலுவலகத்திலிருந்து அந்தக் காகிதத்தின் நகல் எங்கள் கைக்கு வந்தது. மதியம் ஒரு மணிக்கு விசாரணை. இடையில் எங்களிடம் இருந்தது மூன்றேகால் மணி நேரமும், என் பழைய காரும். இரண்டில் எது முதலில் தீரும் என்று சொல்ல முடியாது.

கோர்ட் வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்து ஹீட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஸ்தமெனா ராஷிச் கையுறையைக் கழற்றினார்.

"சத்தமா படி, திஹோ."

படித்தேன். "'கீழே கையொப்பமிட்டுள்ள யெலாஷ் கிராமத்து ஏழு வீட்டுக்காரர்களாகிய நாங்கள், ஸ்துதென்கா ஓடையைக் குழாய்க்குள் திருப்பவும், அதற்காக எங்கள் நிலத்தில் குழி வெட்டவும் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறோம்.' மனப்பூர்வமாம், இன்ஸ்பெக்டரம்மா. அதுல ஒரு மனுஷன் பொக்லைனுக்கு முன்னாடி படுத்துக் கிடந்தான். அவ்வளவு சம்மதம்."

ஸ்தமெனா இப்போது இன்ஸ்பெக்டர் இல்லை. நகராட்சித் தலைவர் வெலிமிர் ஷாரட்ஸின் தம்பி ஓட்டிய மணல் லாரியை நான்கு வருஷம் முன்பு நிறுத்தி அபராதம் எழுதினார். அடுத்த மாதமே அவருக்கு 'முன்கூட்டிய ஓய்வு' கொடுத்து, பூங்கொத்தும் கொடுத்தார்கள். நான் இன்னும் பழைய பெயரிலேயே கூப்பிடுகிறேன். நான் திஹோமிர். எங்கள் ஊர் கர்னிட்சா ரேடியோவில் எட்டு வருஷம் வானிலை வாசித்தவன். ரேடியோவும் வெலிமிருடையதுதான். 'தலைவர் வருகையையொட்டி மேகங்கள் விலகும்' என்று ஒருநாள் எழுதிக் கொடுத்தார்கள். வாசிக்கும்போது சிரித்துவிட்டேன். அன்று மழையும் பெய்தது.

பொக்லைன் முன் படுத்தவர் ஓப்ராத் யெரெமிச், அறுபத்தேழு வயது. எட்டு நாளாக லாக்கப்பில் இருக்கிறார். இன்று இந்தச் சம்மதப் பத்திரத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், திங்கட்கிழமை அவருடைய பிளம் தோப்பு வழியாகக் குழாய் போகும். யெலாஷின் ஏழு வீடுகளுக்கும் குடிக்க, குளிக்க, மாட்டுக்குக் காட்ட இருக்கும் ஒரே தண்ணீர் அந்தக் குழாய்க்குள் போய், கீழே வெலிமிர் தம்பியின் மின்நிலையத்தில் விழும். தண்ணீர் போனால் ஊர் போயிற்று.

இரண்டு மாதமாக யெலாஷ்காரர்கள் இந்தப் பத்திரத்தின் நகலைக் கேட்டார்கள். 'வணிக ரகசியம்' என்று நகராட்சி பதில் எழுதியது. தாங்கள் போட்டதாகச் சொல்லப்படும் கையெழுத்தைத் தாங்களே பார்க்கக் கூடாதாம். எட்டு நாள் முன்பு நீதிபதிதான் ஓப்ராத்திடம் ஒரு நிமிஷம் காட்டினார். அவர் பார்த்தது முத்திரைக்குக் கீழே இருந்த பெயரை மட்டும். காகிதத்தைத் தரையில் எறிந்துவிட்டு, அதன்பிறகு யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

பெயர் விதோயே நின்கோவிச், நகராட்சிப் பதிவாளர். ஓப்ராத்துக்குக் கூம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் துணையாகப் பீடத்தின் முன் நின்று, பிறகு பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனாகவும் ஆகிறவன்தான் கூம். எங்கள் ஊரில் கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு போட முடியாது.

"கீழ என்ன தேதி?" என்றார் ஸ்தமெனா.

"டிசம்பர் ஒன்பது. நண்பகல் பன்னிரண்டு மணி. நகராட்சி அலுவலகத்தில், பதிவாளர் முன்னிலையில், ஏழு பேரும் நேரில் வந்து."

"பன்னிரண்டா? சரியா பன்னிரண்டா?"

"சைபர் சைபர் போட்டிருக்கே."

"என் கல்யாணத்தைப் பதிஞ்சவன் விதோயே. பதினொண்ணு இருபத்திமூணுன்னு எழுதினான். வாட்ச்சைப் பாத்து நிமிஷம் எழுதற ஆளு அவன். ரவுண்டா எழுதினா அவனுக்குத் தூக்கம் வராது."

"கல்யாணம் முடிஞ்சு போன நேரத்தையும் எழுதினானா?"

"அதைக் கோர்ட் எழுதுச்சு. வண்டியை எடு. யெலாஷுக்குப் போகணும்."

பிப்ரவரி கடைசி. பாதி பனி, பாதி சேறு. பதினாலு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓப்ராத்தின் மனைவி மிலுங்கா கதவைத் திறந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள்.

"நீங்க கோர்ட்டுக்கு வரலையா?" என்றேன்.

"பிடிச்சுட்டுப் போன அன்னிக்கே வரக் கூடாதுன்னுட்டாரு, தம்பி. விலங்கோட நீ என்னைப் பாக்க வேணாம்னாரு."

சுற்றிலும் பார்த்தேன். கிழக்குச் சுவரில் வழக்கம்போல் குலசாமிப் படம், கீழே விளக்கு. என் வீட்டில் இருப்பவர் புனிதர் நிக்கோலா. ஊரில் பாதி வீடுகளில் அவர்தான். இங்கே இருந்தவர் ஒரு தூணின் உச்சியில் நின்றுகொண்டிருந்த தாடிக்காரர்.

"இவர் யாரு? ஏன் கம்பத்து மேல ஏறி நிக்கறாரு?"

"அலிம்பியே. அம்பது வருஷத்துக்கு மேல தூண்லயே நின்னவரு."

"கீழ வீட்டு வரி அதிகமா?"

மிலுங்கா சிரிக்கவில்லை. ஆனால் ஸ்தமெனா படத்தைத் திரும்பிப் பார்த்தார். எழுந்துபோய்க் கிட்ட நின்று பார்த்தார்.

"இவரோட நாள் என்னிக்கும்மா?"

"டிசம்பர் ஒன்பது. இங்க ஏழு வீடும் ஒரே வம்சம். ஏழு வீட்டுலயும் அன்னிக்குத்தான்."

நான் காபியை மேலே கொட்டிக்கொண்டேன். குலசாமி நாளில் எந்த வீட்டுக்காரனும் வாசல் தாண்ட மாட்டான். யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் தாங்களாகவே வருவார்கள். கடைசி விருந்தாளி எழுந்து போகும்வரை வீட்டுக்காரன் உட்காரக்கூட மாட்டான். அன்று சாவு வந்தால்கூட நாளைக்கு வா என்று சொல்லி, ஒரு கோப்பை ராக்கியாச் சாராயம் கொடுத்து அனுப்புவான். நண்பகலில்தான் குலசாமி ரொட்டியை இரண்டு பேராகப் பிடித்துச் சுற்றி வெட்டுவார்கள்.

"முடிஞ்சுது," என்றேன். "ஏழு வீட்டுக்காரனும் குலசாமி நாளன்னிக்கு, ரொட்டி வெட்டற நேரத்துல, பதினாலு கிலோமீட்டர் போய்க் கையெழுத்துப் போட்டானாம். நீதிபதி விழுந்து விழுந்து சிரிக்கப் போறாங்க."

"சிரிக்க மாட்டாங்க. 'போயிட்டு சீக்கிரம் திரும்பியிருப்பீங்க'ன்னு சொல்லுவாங்க. யாரு சாட்சி?"

"வந்த விருந்தாளிங்க."

"எல்லாம் சொந்தக்காரங்க."

"பாதிரியார்?"

மிலுங்கா தலையசைத்தாள். "வர மாட்டாரு. எந்த நாள்னு ஞாபகம் இல்லம்பாரு. கோயிலுக்குப் புதுக் கூரை வெலிமிர் போட்டுக் குடுத்திருக்காரு. வாத்தியாரும் வந்திருந்தாரு. அவருக்கு மூணு மாசத்துக்கு ஒருதரம் வேலையை நீட்டிக்கணும். நீட்டிக்கிற கையெழுத்து யாருதுன்னு உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அந்த ஒரு பேனாவில்தான் எங்கள் ஊரின் சோறு, கூரை, மருந்து எல்லாம் இருந்தது. அடிக்கவே தேவையில்லை. பேனாவை மூடி வைத்தால் போதும். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அதுக்குக்கூட எனக்கு வயிறு எரியல," என்றாள் மிலுங்கா. "விதோயே. முப்பத்தோரு வருஷம் இந்த மேசைல மீன் சாப்பிட்டவன். இந்தத் தடவையும் வந்தான். ஓப்ராத்தோட சேந்து ரொட்டியைப் பிடிச்சு சுத்தினான். அந்தக் கையாலயே போய் முத்திரை குத்தியிருக்கானே."

ஸ்தமெனா கோப்பையைக் கீழே வைத்தார். "எப்ப வந்தான்?"

"காலைல வந்தவன் சாயங்காலம்தான் போனான்."

"டிசம்பர் ஒன்பதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? போட்டோவே இருக்கு."

மிலுங்காவின் பழைய போனில் பேத்தி எடுத்த படம். மெழுகுவர்த்தி, மேசை நிறைய மீனும் பீன்ஸும், நடுவில் ஓப்ராத்தும் ஒல்லியான விதோயேயும் ஒரே வட்ட ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு. கீழே தேதி, நேரம் பன்னிரண்டு நாலு. அந்த மலையில் சிக்னல் கிடையாது, படத்தை அனுப்ப முடியவில்லை. போனையே வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

"விதோயே இவ்வளவு முட்டாளா?" என்றேன் காரை இறக்கத்தில் விட்டபடி. "பொய்ப் பத்திரம் எழுதறவன், தானே அந்த வீட்டுல ரொட்டி பிடிச்ச நாளையா போடுவான்?"

"யெலாஷ்ல சாப்பிடாதவன் போட்டிருந்தா அது தப்பு. சாப்பிட்டவன் போட்டிருந்தா?" என்றார் ஸ்தமெனா. மடியில் இருந்த நகலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடைப் பாலத்தில் ஒரு கறுப்பு ஜீப் குறுக்காக நின்றது. இறங்கி வந்தவன் புலே, வெலிமிரின் டிரைவர். பள்ளிக்கூடத்தில் என் பின்பெஞ்சில் உட்கார்ந்து என் விடைகளையெல்லாம் பார்த்து எழுதியவன். அதனாலேயே இரண்டு தடவை ஃபெயிலானவன். அவன் பின்னால் இன்னும் இருவர்.

"என்ன திஹோ, மேல என்ன வேலை?"

"சும்மா. குலசாமி போட்டோ பாக்கப் போனோம்."

சொல்லி முடிக்கும்போதே ஸ்தமெனாவின் முழங்கை என் விலாவில் இடித்தது. என் வாய்தான் எனக்குச் சனி. புலேயின் கை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"காட்டு."

"எந்தச் சட்டத்துல கேக்கற?" என்றார் ஸ்தமெனா.

"சட்டமா? நம்ம ஊருலயா?" அவன் உண்மையாகவே புரியாமல் கேட்டான். மற்ற இருவரும் காரின் முன்னால் வந்து நின்றார்கள். போன் டேஷ்போர்டு மேல்தான் இருந்தது, படம் திறந்தபடி. புலே எடுத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு பாலத்தின் கம்பிக்கு வெளியே கையை நீட்டி விட்டுவிட்டான். கீழே தண்ணீர் சத்தத்தில் விழுந்ததுகூடக் கேட்கவில்லை.

"வழுக்கிடுச்சு. மிலுங்காம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. வெலிமிர் புதுசு வாங்கிக் குடுப்பாரு. நம்ம ஊருல யாருக்குத்தான் அவர் குடுக்கல?"

ஜீப் நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதனின் வீட்டை, ஏழு வீட்டை, ஒரு நொண்டி ஜோக்குக்காக ஓடையில் போட்டுவிட்டேன்.

"என் நாக்கை அறுத்துப் போடுங்க," என்றேன்.

"வேணாம், பொழைப்புக்கு வேணும். ஓட்டு. இன்னும் ஒரு சாட்சி பாக்கி இருக்கு."

"யாரு?"

"முத்திரை குத்தினவன்."

கோர்ட் தாழ்வாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. பெஞ்சில் விதோயே டை கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெலிமிர், பெரிய உடம்பு, பாசமான குரல். விதோயேயின் தோளில் அவர் கை கிடந்தது.

"பொண்ணு எப்படி இருக்கா? ஆஸ்பத்திரில நைட் டூட்டி கஷ்டமா இருந்தா சொல்லு, மாத்திடலாம். எங்க வேணாலும் மாத்தலாம்." பிறகு எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். "வாங்க இன்ஸ்பெக்டர். ஏதோ போன் தண்ணில விழுந்துடுச்சாமே. மனுஷனுக்குக் கவனம் வேணும். எங்க விதோயேகூட தேதியெல்லாம் பாக்காம எழுதற ஆளு. அதனால என்ன, இனிமே யாரு பாக்கப் போறா?"

வெலிமிரின் வக்கீல் ஸ்தமெனாவுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். சாட்சியோடு பேசக் கூடாது என்றார். விதோயே தலை நிமிரவில்லை. ஸ்தமெனாவின் கையில் இருந்த நகலை மட்டும் பார்த்தான்.

"முழுசாப் படிச்சீங்களா?" என்று கேட்டான்.

"கடைசி வரி வரைக்கும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெலிமிரின் கை தோளை அழுத்தியது. உள்ளே கூப்பிட்டார்கள்.

ஓப்ராத்தை விலங்கோடு கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். எட்டு நாள் தாடி. சாட்சிக் கூண்டில் விதோயே ஏறியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் அவருக்கு நேர் பின் வரிசையில் உட்கார்ந்தோம்.

நீதிபதி அம்மா கேட்டார். "இது உங்க முத்திரையா?"

"என்னுது."

"கையெழுத்து?"

"அதுவும் என்னுதுதான்."

"கைதி தரப்புல கேள்வி?"

ஓப்ராத்துக்குக் கொடுத்திருந்த வக்கீலின் அலுவலகம் நகராட்சிக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறது. அவர் எழுந்திருக்கும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "கேள்வி இல்லை."

ஸ்தமெனா முன்னால் குனிந்தார். "ஓப்ராத், நீங்களே கேக்கலாம். உங்களுக்கு உரிமை இருக்கு."

"அவன்கூட எனக்குப் பேச்சு கிடையாது."

"ஒரே ஒரு கேள்வி."

"கிடையாதுன்னேன்."

நீதிபதி பேனாவை எடுத்தார். "அப்ப முடிச்சுக்கலாமா?"

ஸ்தமெனா நகலை மடித்தார், அந்தப் பெயர் மறையும்படி. அதற்கு மேலே இருந்த ஒரு வரி மட்டும் தெரிந்தது. ஓப்ராத்தின் விலங்கு மாட்டிய கைகளுக்கு நடுவில் அதைச் செருகினார்.

"அவன் பேரைப் பாக்காதீங்க. தேதியைப் பாருங்க."

ஓப்ராத் பார்த்தார். உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு எழுந்து நின்றார். விலங்குச் சங்கிலி மேசையில் உரசியது.

"கூமே."

எட்டு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முறைப்பெயர் அது ஒன்றுதான். விதோயே கண்ணை மூடிக்கொண்டான்.

"அலிம்பியே நாளு, நண்பகல்ல நீ எங்க இருந்த?"

வெலிமிரின் வக்கீல் துள்ளி எழுந்து, வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றார். நீதிபதி வெலிமிரைப் பார்த்தார். பிறகு தன் முன்னால் இருந்த பத்திரத்தைப் பார்த்தார். தேதியைப் பார்த்திருக்க வேண்டும். அவருக்கும் வீட்டில் ஒரு கிழக்குச் சுவர் உண்டே.

"சாட்சி பதில் சொல்லலாம்," என்றார் மெதுவாக.

"உன் வீட்டுல," என்றான் விதோயே. "ரொட்டி ஒரு பக்கம் உன் கைல, ஒரு பக்கம் என் கைல."

"அப்ப ஆபீஸ்ல யாரு?"

"ஆபீஸ்ல நான் இல்ல. உங்க ஏழு பேர்ல ஒருத்தரும் வரல. அன்னிக்கு நான் லீவு." கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதத்தை எடுத்து நீதிபதியின் மேசையில் வைத்தான். "லீவு சீட்டு. அனுமதிச்சவர் கையெழுத்து கீழ இருக்கு. வெலிமிர் ஷாரட்ஸ்."

புலே ஓடையில் போட்டது ஒரு படத்தை மட்டும்தான். இதைப் போட அவனுக்குத் தெரியவில்லை.

"இந்தப் பத்திரம் எப்ப எழுதினது?" என்றார் நீதிபதி.

"டிசம்பர் இருபத்தேழு, மதியம் மூணு நாப்பத்தொண்ணு. தலைவர் ரூம்ல. ஏழு கையெழுத்தும் ஏற்கெனவே போட்டு இருந்துச்சு. தேதி மட்டும் காலி. ஏதாவது ஒண்ணு போட்டுக்கன்னாரு."

"நீங்க என்ன ஒத்துக்கறீங்கன்னு புரியுதா? அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை."

"தெரியும்மா. முப்பது வருஷமா அந்தச் சட்டத்தோடதான் வேலை."

வெலிமிர் எழுந்து வெளியே போனார். ஓடவில்லை, நிதானமாகத்தான் போனார். கதவு மூடுவதற்குள் அவர் போனை எடுத்து 'ஆஸ்பத்திரி' என்று சொன்னது எனக்குக் கேட்டது. விதோயேக்கும் கேட்டது.

"ஏண்டா," என்றார் ஓப்ராத். குரல் உடைந்திருந்தது. "வந்து சொல்லியிருக்கலாமே. ரெண்டு மாசம். எட்டு நாளா நான் உன்னைக் கெட்ட வார்த்தைல திட்டிட்டே படுத்துக் கிடந்தேன்."

"சொன்னா நீ அன்னிக்கே கோடாலியோட வந்திருப்ப. பொண்ணு ஆஸ்பத்திரில, மருமகன் தண்ணி ஆபீஸ்ல, நான் நகராட்சில. மூணு சோறும் ஒரு ஆள் கைல. மாட்டேன்னு சொல்ற தைரியம் எனக்கு எப்பவோ போயிடுச்சு, கூமே. அந்தக் காகிதத்துல எனக்குன்னு விட்டு வெச்சது தேதி ஒண்ணுதான். யாராவது பாப்பீங்கன்னு போட்டேன்."

நீதிபதி எழுதினார். சம்மதப் பத்திரம் செல்லாது. பொக்லைன் நகரக் கூடாது. ஓப்ராத் யெரெமிச் விடுதலை. அவருக்கும் வீடு, பிள்ளை, யாரோ ஒருவரின் பேனா இருந்திருக்கும். ஆனாலும் எழுதினார்.

போலீஸ்காரர் ஓப்ராத்தின் விலங்கைக் கழற்றினார். கழற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு விதோயே பக்கம் திரும்பினார். வேறு விலங்கு கொண்டுவரவில்லை. விதோயே வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, மணிக்கட்டு இரண்டையும் நீட்டினான்.

ஸ்தமெனா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓப்ராத் கூண்டின் அருகே போனார். புண்ணாகிச் சிவந்திருந்த கைகளால் விதோயேயின் சட்டைக் கையைப் பிடித்து, விலங்குக்கு அடியில் வரும்படி மெல்ல இழுத்துவிட்டார்.

"இடது பக்கம் கடிக்கும்," என்றார். "துணியை இப்படி உள்ள குடுத்துக்க. ராத்திரிக்குக் கொஞ்சம் பரவாயில்லாம இருக்கும்."